ஆர்என்ஏ–புரதப் பிணைப்பு கிட்: தாவர வைரஸ் ஆய்வுக்குப் பொருந்துமா?

வைரஸ் ஆர்என்ஏவில் பயோட்டின் என்னும் சிறு மூலக்கூற்றைக் கோத்துத் தூண்டிலாக்கி, அதில் ஒட்டும் ஓம்புயிர்ப் (வைரஸ் தங்கிப் பெருகும் உயிரின்) புரதங்களை, பயோட்டினை இறுகப் பற்றும் ஸ்ட்ரெப்டவிடின் பூசிய காந்த மணிகளால் பிரித்தெடுக்க உதவும் இந்த கிட்டை, டொமேட்டோ புஷி ஸ்டண்ட் வைரஸின் பெருக்கத்தை ஆராயப் பயன்படுத்தி வருகிறேன். மணிகள் தரமானவை; இலைச் சாற்றில் மலிந்து கிடக்கும் ஒளிச்சேர்க்கைப் புரதமான ருபிஸ்கோகூடச் சில கழுவல்களில் பெருமளவு நீங்கிவிடுகிறது. குறை, உடன் வரும் பிற பொருள்களில்தான் இருக்கிறது.

முதலாவது, பயோட்டினை ஆர்என்ஏவின் 3' முனையில் (இழையின் கடைசி முனையில்) லிகேஸ் என்னும் நொதியால் ஒட்டும் முறை. இவ்வைரஸைப் போன்ற நேர் இழை வைரஸ்களில் (ஆர்என்ஏவிலிருந்தே நேரடியாகப் புரதம் உருவாகும் வகை), பெருக்கத்துக்கு அச்சாகும் எதிர் இழையின் உருவாக்கம் தொடங்குவது அந்த முனையில்தான். இஇஎஃப்1ஏ என்னும் ஓம்புயிர்ப் புரதம் இவ்வைரஸ் ஆர்என்ஏவைப் பற்றுவதும் அந்த 3' பகுதியில்தான். அங்கே ஒரு வேற்று மூலக்கூற்றைத் தொங்கவிடுவதைவிட, ஆர்என்ஏவைப் படியெடுக்கும்போதே ஆர்என்ஏவின் கட்டுமான அலகுகளில் ஒன்றான யூடிபியைப் பயோட்டின் ஏற்றிச் சிறு விகிதத்தில் கலந்துவிடுவது மேல்.

இரண்டாவது, பொருத்தமற்ற பிணைப்பைத் தடுக்கவென்று தரப்படும் ஈஸ்ட் டிஆர்என்ஏ (அமினோ அமிலங்களைச் சுமக்கும் சிறு ஆர்என்ஏ). அமினோ அமிலம் ஏற்றிய டிஆர்என்ஏவைப் புரதம் தயாராகும் ரைபோசோமுக்குக் கொண்டுசேர்ப்பதே இஇஎஃப்1ஏவின் அன்றாட வேலை. டர்னிப் யெல்லோ மொசைக் வைரஸோ தன் 3' முனையையே டிஆர்என்ஏ போல மடித்து, வேலின் என்னும் அமினோ அமிலத்தை ஏற்றி, அப்புரதத்தை ஈர்க்கிறது. இத்தகைய வைரஸை ஆராய்பவர் போட்டிக்கு டிஆர்என்ஏவைக் கொட்டினால், தேடிய புரதம் கைநழுவிப் போக வாய்ப்புண்டு. இஇஎஃப்1ஏ டிஆர்என்ஏவைப் பற்றத் தேவையான ஜிடிபியும் (GTP) கரைசலில் இல்லை. அதைத் தனியே சேர்க்க வேண்டியிருக்கிறது.

ஒப்பீட்டுக்காகத் தரப்படும் கட்டுப்பாட்டு ஆர்என்ஏ விலங்குச் செல்லுக்குரியது என்பதால் இலைச் சாற்றுக்குப் பயன்படாது. பயோட்டின் ஏந்திய அசிட்டைல் கோஏ கார்பாக்சிலேஸ் போன்ற நொதிகள் தாவரச் செல்லிலேயே இருப்பதால், தூண்டில் இல்லாத குழாயிலும் புரதப் பட்டைகள் தெரியும். கையேடு இதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

எதிர் இழையையும் தூண்டிலாக்கிப் பார்ப்பது அவசியம். சர்க்கரைச் சிதைவில் பங்குகொள்ளும் ஜிஏபிடிஎச் புரதம் இவ்வைரஸின் எதிர் இழையைப் பற்றி, நேர் இழைகள் மிகுதியாக உருவாக உதவுகிறது என்பது 2008இல் வெளியான ஆய்வின் முடிவு. நேர் இழையை மட்டும் வைத்துத் தேடுபவருக்கு இத்தொடர்பு புலப்படாமலே போகலாம்.

வைரஸின் பெருக்கம் செல்லின் உள்ளுறுப்பான பெராக்சிசோமின் சவ்வின் மீது நிகழ்வது. இந்த கிட்டோ சவ்வைக் கரைத்த சாற்றில் வேலை செய்வது. ஆகவே கிடைக்கும் புரதத்தை, அதற்குரிய மரபணு நீக்கப்பட்ட ஈஸ்டில் (இவ்வைரஸ் ஈஸ்டிலும் பெருகக்கூடியது) வைரஸ் பெருகுகிறதா என்று பார்த்த பிறகே நம்ப வேண்டும். மணிகளும் கழுவு கரைசலும் தனியே விற்கப்பட்டால் அவற்றை மட்டும் வாங்குவதே போதுமானது.