ஸ்டெல்லாரிஸ்: வரைபடம் நம் கையில், வசதி இல்லை

ஸ்டெல்லாரிஸ், விண்வெளியில் பேரரசை வளர்க்கும் கணினி விளையாட்டு. பாரடாக்ஸ் நிறுவனம் 2016இல் வெளியிட்ட இதில் பேரரசு உருவாக்கும் திரைதான் சிறந்த பகுதி. கொள்கைகளுக்கு 3 புள்ளி; தீவிர வடிவம் எடுத்தால் 2 போய்விடும், பேரரசு முழுவதும் ஒரே மனமாக இயங்கும் கூட்டு மனம் என்றால் மூன்றும் காலி. சிவிக்ஸ் எனும் ஆட்சிப் பண்புகள் தொடக்கத்தில் இரண்டுதான். உருவாக்கிய எதிரியைக் களத்தில் கட்டாயம் பார்க்க, பேரரசுப் பட்டியலில் அதைக் 'கட்டாயம் தோன்றும்' என்று மாற்றிவையுங்கள்.

சொந்தமாக விண்வெளி வரைபடம் செய்வதுதான் தலைவலி. விளையாட்டுக்குள் எடிட்டரே கிடையாது. ஒரு மாட் (விளையாட்டை மாற்றும் கோப்புத் தொகுப்பு) உருவாக்கி, 'மேப்' கோப்புறைக்குள் 'செட்டப் சினாரியோஸ்' என்பதில் உரைக்கோப்பாக எழுத வேண்டும். ஒவ்வொரு விண்மீன் மண்டலத்துக்கும் தனி எண், எக்ஸ், ஒய் ஆயங்கள். பிறகு எந்த எண்ணிலிருந்து எதற்கு ஹைப்பர்லேன் (கப்பல்கள் செல்லும் பாதை) என்று ஒவ்வொன்றாக. தானியங்கி ஹைப்பர்லேனை நிறுத்திவிட்டு ஓர் இணைப்பை மறந்தால் அந்த மண்டலம் தனித்தீவுதான். பேரரசு தொடங்கும் இடங்களுக்கு ஸ்பான் வெயிட் (அங்கே பேரரசு தோன்றும் வாய்ப்பின் அளவு) கொடுங்கள். அடைப்புக்குறி ஒன்று விட்டுப்போனாலும் கோப்பு சரியாக ஏறாது. எர்ரர் லாக் எனும் பிழைப் பதிவுக் கோப்பைத் திறந்து பாருங்கள். முதல் முயற்சிக்கு 20 மண்டலம் போதும், 600க்குப் போகாதீர்கள்.

பேரரசு வடிவமைப்புக்காகவே வாங்கலாம். வரைபடம் வரைய மட்டும் என்றால் பொறுமைசாலிகளுக்கே.