அகராதியின் மெல்லிய கோடுகள்: இத்தாலியப் பெயரடைகளுடன் ஆறு ஆண்டுகள்

ஆறு ஆண்டுகளாக ஒரே இத்தாலிய ஒருமொழி அகராதியைப் பயன்படுத்தி வருகிறேன். தலைச்சொல்லை அசை அசையாகப் பிரித்துக் காட்டும் மெல்லிய கோடுகளை, வரி முடிவில் சொல்லை உடைக்க வேண்டிய அச்சுக்கோப்பாளருக்கு உரியவை என்று கருதி, முதலாண்டு முழுவதும் பொருட்படுத்தவில்லை. இன்று பெரும்பாலும் அவற்றுக்காகவே அதைத் திறக்கிறேன்.

'நியாயமான' என்னும் பொருளுடைய 'ஜுஸ்தோ'வைத் தமிழ்க் காது ஜுஸ்-தோ என்றே பிரிக்கும். நம் யாப்பில் ஒற்று முன்னெழுத்தைச் சார்ந்தே நிற்கும். அகராதியோ ஜு-ஸ்தோ என்கிறது. 'ஸ்தெல்லா' என்பதில் போலச் சொல்லின் முதலில் நிற்கக்கூடிய மெய்க்கூட்டம், இடையில் வந்தாலும் அடுத்த அசைக்கே போய்விடும். இரட்டித்த மெய் பிளவுபடும் என்பதால், சிவப்பைக் குறிக்கும் 'ரோஸ்ஸோ' மட்டும் நமக்குப் பழகிய வழியில் ரோஸ்-ஸோ ஆகிறது.

எதிர்மறை முன்னொட்டான 'இன்', 'லெஜ்ஜீபிலே'யுடன் சேர்ந்து 'இல்லெஜ்ஜீபிலே' (படிக்க இயலாத) ஆவதும், 'ரெகொலாரே'யுடன் சேர்ந்து 'இர்ரெகொலாரே' ஆவதும் புணர்ச்சி விதிகளைப் படித்தவருக்கு வியப்பளிக்கா. சிக்கல் 'திஸொனெஸ்தோ' (நேர்மையற்ற) போன்றவற்றில்தான் எழுகிறது. ஒலிப்படி தி-ஸொ-னெ-ஸ்தோ என்றும், முன்னொட்டைத் தனித்துக் காட்டித் திஸ்-ஒ-னெ-ஸ்தோ என்றும் எழுத்தில் பிரிக்கலாம், இரண்டும் ஏற்கப்பட்டவை. என் அகராதி முதலாவதை மட்டுமே தருகிறது. சொல்லாக்கம் பயில்பவருக்கு இது ஒரு குறைதான்.

அசைக்கோட்டுடன் அழுத்தக்குறியையும் சேர்த்துப் பார்க்கத் தொடங்கியபின் கிடைத்த பயனே பெரியது. ஒரே 'இலே' ஈறு, இலத்தீனில் வினையடியாகப் பிறந்த ஃபாசிலே (எளிய), ஊதிலே (பயனுள்ள) ஆகியவற்றில் அழுத்தம் பெறுவதில்லை. பெயரடியாகப் பிறந்த சிவீலே, இன்ஃபன்தீலே ஆகியவற்றில் அழுத்தம் அதன்மேலேயே விழுகிறது. 'கோ' என்று முடியும் பெயரடைகளின் பன்மையும் பெரும்பாலும் அழுத்தத்தையே சார்ந்தது: ஈற்றயல் அசையில் அழுத்தமுள்ள 'அன்தீகோ' (பழமையான) 'அன்தீகி' ஆகும்; அதற்கும் முந்தைய அசையில் அழுத்தமுள்ள 'ஸிம்பாத்திகோ' (இனிய) 'ஸிம்பாத்திசி' ஆகும். 'க்ரேகோ' (கிரேக்க) 'க்ரேசி' ஆவது போன்ற விதிவிலக்குகளை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

அதே அகராதியின் கைப்பேசிப் பதிப்பில் அசைக்கோடுகளை நீக்கிவிட்டார்கள். ஆகவே கனமான அச்சுப் பிரதி, அட்டை தளர்ந்த நிலையிலும், இன்னும் என் மேசையிலேயே இருக்கிறது.