குன்னூரா, கொடைக்கானலா? கைவேலையும் சாப்பாடும் தேடி மலையேறுகிறவர்களுக்கு

கரூரில் இருப்பவர்களுக்கு இரண்டு மலையும் கிட்டத்தட்ட ஒரே தூரம்தான். திண்டுக்கல், வத்தலக்குண்டு வழியாக ஏறினால் கொடைக்கானல் இருக்கும் பழனி மலை; கோவை, மேட்டுப்பாளையம் வழியாக ஏறினால் குன்னூர் இருக்கும் நீலகிரி. நான் வேலை பார்ப்பது வீட்டு ஜவுளி ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில், டிசைன் பிரிவில். மேஜை விரிப்பு, திரைச்சீலை, படுக்கை விரிப்பு என்று நாள் முழுக்க துணியோடுதான் வாழ்க்கை. வருடத்துக்கு ஒரு முறை எங்கள் பிரிவு ஆட்கள் எல்லோரும் சேர்ந்து எங்காவது போய், புதிதாக நாலு விஷயம் பார்த்துவிட்டு வருவது வழக்கம். இந்த முறை ஊரை முடிவு செய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கடைசி வரை இழுத்தடித்துக் குன்னூர் என்று சொன்னேன், போய்விட்டும் வந்தோம். கொடைக்கானல் எனக்குக் கல்லூரிக் காலத்திலிருந்து பழகிய ஊர். ஆனாலும் இதை நடுநிலையான தீர்ப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், குன்னூர்ப் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

குளிர், மூடுபனி, அறை வாடகை, சீசனில் கூட்டம் இதிலெல்லாம் பெரிய வித்தியாசம் இல்லை. சாக்லேட் இரண்டு ஊரிலும் தெருவுக்குத் தெரு விற்கிறார்கள், அதற்காக யாரும் டிசைன் டூர் போக வேண்டியதில்லை. சென்னையிலோ கொச்சியிலோ இருப்பது மாதிரி வெள்ளைச் சுவரும் ஸ்பாட் லைட்டும் போட்ட கேலரிகளை எதிர்பார்த்து எந்த மலைக்கும் ஏறாதீர்கள். அப்படிப்பட்ட இடங்கள் இங்கே திறக்கும், இரண்டு மூன்று வருடத்தில் மூடும். மலையில் பார்க்க வேண்டிய இன்றைய கலை கடை அலமாரியிலும், கோப்பையிலும், சால்வையிலும், சாப்பாட்டுத் தட்டிலும் இருக்கிறது.

ஊட்டியை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். ஊட்டிக்கு ஒரு பகல் போதும், குன்னூரில் தங்கினால் போய்வரலாம்.

எனக்கு முடிவெடுக்க உதவியது ஒரே கேள்விதான். ஒரு பொருளைக் கையில் எடுத்து, "இதை யார் செய்தது?" என்று கேட்டால் ஒழுங்கான பதில் கிடைக்குமா? எங்கள் தொழிலில் இந்தக் கேள்வி தினமும் வரும். வெளிநாட்டு பையர் பருத்தி எங்கே விளைந்தது, நூல் எந்த மில், சாயம் எங்கே போட்டது என்று குடைந்து எடுப்பார். அதே பழக்கத்தோடு மலையில் கடை கடையாக ஏறி இறங்கினால், அழகான பொருள் எது, அழகான பொய் எது என்று சீக்கிரமே பிரிந்துவிடுகிறது.

நீலகிரியில் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைப்பதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. வெள்ளைக்காரர்கள் வந்து ஊட்டியைக் கட்டுவதற்கு முன்பே அந்த மலையில் யார் எதைச் செய்வது என்பது பிரிந்திருந்தது. தோடர்களிடம் எருமை, பால், நெய். கோத்தர்களிடம் இரும்பு வேலை, மண்பாண்டம், வாத்தியம். பானை வனைவது கோத்தர் பெண்கள். படகர்களிடம் தானியம். குறும்பர்களிடம் தேனும் மற்றக் காட்டுப் பொருட்களும். ஒருவர் பொருள் இன்னொருவர் வீட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. அந்தக் கொடுக்கல் வாங்கல் இன்று பழைய வடிவில் இல்லை. ஆனால் பொருளுக்கும் ஆளுக்கும் இருந்த தொடர்பு முழுதாக அறுந்து போகவில்லை. ஊட்டியிலிருந்து பத்து கிலோமீட்டர் போல இருக்கும் முத்தொரை பாலாடாவில் பழங்குடியினர் ஆராய்ச்சி மையத்தின் அருங்காட்சியகம் இருக்கிறது. முதல் நாளே அங்கே போய்விடுங்கள். வீடுகளின் மாதிரிகளையும் பாத்திரங்களையும் கருவிகளையும் பார்த்துவிட்டு அப்புறம் கடைக்குள் நுழைந்தால், அலமாரியில் இருப்பது வேறு மாதிரி தெரியும்.

தோடர் எம்பிராய்டரியைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். வெளிர் நிறப் பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூல். துணியில் கோடு வரைவதில்லை, ஃபிரேம் கட்டுவதில்லை. பாவு நூலையும் ஊடு நூலையும் எண்ணி எண்ணி ஊசி போகிறது. ஆங்காங்கே நூலை இழுத்து முடிக்காமல் சிறு வளையமாக விட்டுவிடுகிறார்கள், அதனால் வேலைப்பாடு லேசாக மேடிட்டு, தடவினால் நெய்த கம்பளம் போலத் தட்டுப்படும். இந்த வேலையைச் செய்வது பெண்கள், போர்த்திக்கொள்வது ஆண் பெண் இருவரும். அந்தச் சால்வைக்குப் பெயர் புத்துக்குளி. தோடர்கள் துணி நெய்வதில்லை, துணி எப்போதும் சமவெளியிலிருந்துதான் மலையேறும். நெசவு ஊர்க்காரி என்பதால் இந்தத் தகவலில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

2013 இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தோடர் நலவாழ்வுச் சங்கம், கோத்தகிரியில் உள்ள கீஸ்டோன் அறக்கட்டளை, தமிழக அரசின் கைவினைக் கழகமான பூம்புகார் மூன்றும் சேர்ந்து விண்ணப்பித்தன. குறியீடு வந்ததால் போலி ஒழிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஊட்டியில் ஒரு கடையில் 'தோடா ஒர்க்' என்று சொல்லி ஒரு ஸ்டோலை என் தோளில் போட்டே விட்டார்கள். "எல்லாம் கைவேலைதாங்கக்கா, அவங்களே கொண்டாந்து குடுக்கறது." திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் முழுக்க வெள்ளை பாபின் நூல், கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷினில் ஓடியது. "எந்த மந்துல போட்டதுங்க?" என்று கேட்டேன். அவர் அடுத்த ஸ்டோலை விரிக்கப் போய்விட்டார். மந்து என்பது தோடர் குடியிருப்பு. அந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்டாலே பாதி கடைகளில் பேச்சு மாறிவிடும்.

வாங்குகிறவர்கள் செய்ய வேண்டியது எளிது. துணியைத் திருப்புங்கள். கைவேலை என்றால் இரண்டு பக்கமும் பார்க்கும்படி இருக்கும், எண்ணிப் போட்ட தையலின் தடம் பின்னாலும் தெரியும். மெஷின் என்றால் அடியில் வேறு நிற நூல் ஓடியிருக்கும், சில சமயம் விறைப்பான ஒரு ஒட்டுத்துணியும் இருக்கும். அச்சு என்றால் பின்பக்கம் ஒன்றுமே இருக்காது. அடித்துணியையும் பாருங்கள், இழையைக் கண்ணால் எண்ண முடியாத மெல்லிய துணியில் இந்த வேலையை இப்படிச் செய்யவே முடியாது.

கோத்தகிரியிலும் குன்னூரிலும் கிரீன் ஷாப் என்ற பெயரில் கடைகள் உண்டு. கீஸ்டோன் தொடங்கிய லாஸ்ட் ஃபாரஸ்ட் நிறுவனம் நடத்துவது. தேன், தேன்மெழுகு மெழுகுவர்த்தி, சோப்பு, மிளகு, சிறுதானியம், தோடர் வேலைப்பாடு போட்ட பைகள் என்று கலந்து கிடக்கும். அங்கே என் கேள்வியைக் கேட்டபோது யாரும் பேச்சை மாற்றவில்லை. தேன் எந்தப் பக்கத்துக் காட்டில் எடுத்தது என்பதுவரை பேச முடிந்தது. டிசைன் என்று பார்த்தால் சில பொருட்கள் எனக்குச் சுமார்தான். ஒரு லேப்டாப் பையின் ஓரத்தில் இரண்டு அங்குலப் பட்டையாக எம்பிராய்டரியை ஒட்டவைத்திருந்தார்கள், அந்த வேலைப்பாட்டை அவ்வளவு சின்னதாக்கினால் உயிர் போய்விடுகிறது. அதை அங்கேயே சொல்லிவிட்டும் வந்தேன்.

குறும்பர் ஓவியம் எனக்கு இந்தப் பயணத்தின் புதுச் செய்தி. கோத்தகிரிப் பக்கம் வெள்ளரிக்கொம்பை ஊரை ஒட்டி எழுத்துப்பாறை என்று பழைய பாறை ஓவியங்கள் இருக்கின்றன. அந்த மரபில் வருகிற ஆலு குறும்பர்கள் இன்று தாளிலும் துணியிலும் வரைகிறார்கள். வேங்கை மரப் பிசினும் இலைச்சாறும்தான் வண்ணம். தேனெடுப்பு, திருவிழா, ஆட்டம் எல்லாம் குச்சி உருவங்களாக வரும். வெள்ளரிக்கொம்பைக்கு நான் போகவில்லை, கடையில் பார்த்த ஓவியங்களை வைத்துத்தான் பேசுகிறேன். அதனால் இதில் எது நல்ல வேலை, எது விற்பனைக்காக வேகமாக வரைந்தது என்று தரம் பிரிக்க எனக்குத் தகுதி போதாது. மகாராஷ்டிரப் பழங்குடியினரின் வார்லி ஓவியம் மாதிரி இருக்கிறது என்று எங்களில் ஒருவர் சொன்னார். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நிறத்திலேயே இரண்டும் வேறு என்று தெரிந்துவிடும்.

இப்போது கொடைக்கானல். அங்கே கேள்விக்குப் பதில் இல்லை என்று சொன்னால் அநியாயம். பதிலின் வகை வேறு. 1845 வாக்கில் மதுரை அமெரிக்க மிஷனரிகள் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பி மேலே வந்து வீடு கட்டியதிலிருந்து வளர்ந்த ஊர் அது. 1901 இல் மிஷனரிகளின் பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கூடம் வந்தது, இன்று அது கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளி. வெளியிலிருந்து வந்து, ஊர் பிடித்துப்போய்த் தங்கிவிட்டவர்களின் கைகள்தான் கொடைக்கானலின் கைவேலையை நடத்துகின்றன. பி.டி. ரோட்டில் பாட்டர்ஸ் ஷெட் கடைக்குப் போனால் ஸ்டோன்வேர் கோப்பைகளும் கிண்ணங்களும் இருக்கும். 1,200 டிகிரிக்கு மேல் சுட்ட மண், தட்டினால் கணீரென்று கேட்கும். பீங்கான் விஷயத்தில் நீலகிரியை விடக் கொடைக்கானல் ஒரு படி மேல், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் தினமும் காபி குடிக்கும் கோப்பையே கொடைக்கானலில் வாங்கியதுதான்.

ஆனால் அங்கே கிடைப்பது ஒரு தனி ஆளின் ரசனை. அவர் ஊரை விட்டுப் போய்விட்டால் அந்தக் கோப்பையும் போய்விடும். பழனி மலையின் பழங்குடிகளான பளியர்கள் என்ன செய்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்று கொடைக்கானல் கடைத்தெருவை மட்டும் பார்த்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியவில்லை. 1895 இல் தொடங்கிய செண்பகனூர் அருங்காட்சியகத்தில் உயிரியல் மாதிரிகளும் தொல்பொருட்களும் நிறைய இருக்கின்றன, பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் அங்கே பார்த்ததற்கும் கடைவீதியில் விற்பதற்கும் தொடர்பு ஏதும் எனக்குத் தட்டுப்படவில்லை. தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் தங்கிப் பார்த்தவர்கள் வேறு விதமாகச் சொல்லக்கூடும். அந்தப் பக்கம் நான் பஸ்ஸில் கடந்து போனதோடு சரி.

சாப்பாட்டில் கணக்கு அப்படியே தலைகீழ். வெளியில் சாப்பிடுவதற்குக் கொடைக்கானல்தான். பி.டி. ரோட்டில் கஃபே கரியப்பாவில் காபி, இரண்டு எட்டு வைத்தால் பேக்கரி, இன்னும் கொஞ்சம் தள்ளித் திபெத்திய மோமோ. வட்டக்கானல் போனால் ஆல்டாஃப்ஸ் கஃபேயில் இஸ்ரேலியச் சமையல், எதிரே பள்ளத்தாக்கு. பொருள் விஷயத்திலும் கொடைக்கானலுக்கு நல்ல விலாசங்கள் உண்டு. பூம்பாறைப் பக்கத்து மலைப்பூண்டுக்கு 2019 இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உரித்தாலே மூக்கில் ஏறும், சின்னப் பல், கரூரில் விற்கும் பூண்டு இதற்குப் பக்கத்தில் நிற்காது. பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போகும் விருப்பாட்சி வாழை இந்த மலையுடையது. கொடை சீஸ் சென்னைக் கடைகள் வரை வருகிறது.

குன்னூரில் சீஸ் செய்முறை வகுப்பு நடத்தும் ஏக்கர்ஸ் வைல்ட் பண்ணை இருக்கிறது, எங்கள் ஆட்களுக்கு அதில் ஆர்வம் இல்லை. ஊருக்குள் கஃபே டியெம் மாதிரி நல்ல இடங்கள் உண்டு, ஆனால் கொடைக்கானல் போல ஒரே தெருவில் இல்லை. படகர் சாப்பாடு ஹோட்டலில் தேடினால் லேசில் அகப்படாது. எங்களோடு வேலை பார்க்கும் ஒருவரின் அக்கா வீடு கோத்தகிரி தாண்டி ஒரு ஹட்டியில், அதாவது படகர் ஊரில். அங்கே அவரைக்கொட்டைக் குழம்பான 'அவரை உதக்க'வும் ராகிக் களியான ராகி இட்டும் போட்டார்கள், மாலையில் டீயோடு எண்ணெயில் பொரித்த எண்ணெ இட்டு. தெரிந்தவர் இல்லாவிட்டால் இந்தச் சாப்பாடு கிடைப்பது அதிர்ஷ்டம்தான், இதைக் குன்னூரின் கணக்கில் சேர்ப்பது நியாயமா என்று எனக்கே தயக்கம். விறகு அடுப்பில் சுட்ட வர்க்கி மட்டும் யாருக்கும் கிடைக்கும். தேயிலையைப் பொறுத்தவரை என் கேள்விக்கு நல்ல பதில் குன்னூரில்தான். 1963 இலிருந்து ஏலம் நடக்கிற ஊர், எந்தத் தொழிற்சாலைத் தூள் என்று கேட்டு வாங்குகிற பழக்கம் அங்கே சாதாரணம். உறைபனிக் காலத்தில் எடுத்த, தூளாக நொறுக்காமல் இலையாகச் சுருட்டிய ஆர்த்தோடாக்ஸ் தேயிலையைக் கேட்டுப் பாருங்கள், பால் ஊற்றிக் கெடுக்காமல்.

போக்குவரத்து பற்றி இரண்டு வார்த்தை. 2024 மே மாதத்திலிருந்து இரண்டு மலைக்கும் சொந்த வண்டிக்கு இ-பாஸ் வேண்டும். 2025 கோடையில் நீதிமன்ற உத்தரவுப்படி வார நாட்களில் நீலகிரிக்கு 6,000, கொடைக்கானலுக்கு 4,000 வண்டி என்றும், வார இறுதியில் 8,000, 6,000 என்றும் வரம்பு வைத்தார்கள். அரசுப் பேருந்தில் போனால் இந்தத் தலைவலி இல்லை. குன்னூர், கோத்தகிரி, ஊட்டி மூன்றுக்கும் இடையே பஸ் ஓடிக்கொண்டே இருக்கும், குன்னூரிலிருந்து ஊட்டிக்கு மலை ரயிலும் உண்டு. கொடைக்கானலில் ஊருக்குள் நடந்தே முடித்துவிடலாம். ஆனால் பூம்பாறை, மன்னவனூர் என்று வெளியே போக வேண்டுமென்றால் குறைவான பஸ்ஸை நம்பி நிற்க வேண்டும், இல்லாவிட்டால் டாக்சி.

ஒரே ஒரு பகலும் இரவும்தான் கையில் இருக்கிறது, வயதானவர்களும் கூட வருகிறார்கள் என்றால் கொடைக்கானலே போங்கள், பி.டி. ரோட்டை விட்டு நகர வேண்டியதில்லை. மண்பாண்டம் செய்கிறவர்களுக்கும் அதுவே. துணி, நூல், ஓவியம் பக்கம் கண் உள்ளவர்கள் மூன்று நாளாவது ஒதுக்கிக் குன்னூரில் தங்குங்கள், அதில் ஒரு முழு நாளைக் கோத்தகிரிக்கு விட்டுவிடுங்கள். மே மாதம் மட்டும் வேண்டாம், ஊட்டியில் மலர்க் கண்காட்சியும் குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சியும் நடக்கிற சமயம் கடைக்காரரை நிறுத்தி இரண்டு கேள்வி கேட்கக்கூட இடம் இருக்காது.