மார்த்தாண்டத்துல ஒரு ஜெர்சி கடை, ஐஸ்லாந்து நீலத்துல எங்க பிள்ளைங்க செட்

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்கு கீழ வெட்டுமணி பக்கமா நடந்தா மாடியில ஒரு ஜெர்சி பிரிண்டிங் கடை இருக்கு, பெண் பிள்ளைங்க டீமுக்கு செட் அடிக்கணும்னா யோசிக்காம அங்க போங்க. கொஞ்சம் நீளமா எழுதப்போறேன், நடுவுல ஐஸ்லாந்து கதையும் வரும், ஏன்னா நாங்க கேட்ட டிசைனே அந்த ஊர் பெண்கள் டீமோடதுதான்.

தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை பக்கம் ஃபுட்பால் எப்படின்னு நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்காரங்களுக்கு சொல்ல வேண்டாம், மைக்கேல் சூசைராஜ் மாதிரி ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) வரைக்கும் போன ஆளுங்க நம்ம ஊருதான். ஆனா பெண் பிள்ளைங்க ஆட வந்தா மட்டும் அண்ணன்மாரு போட்டு வெளுத்த ஜெர்சிதான் கிடைக்கும். தோள் தையல் முட்டிக்கை வரைக்கும் இறங்கிக் கிடக்கும், கழுத்து அகலமா இருக்கும், பந்தை எடுக்க குனியும்போது ஒரு கையால நெஞ்சைப் பொத்திக்கிட்டே குனியணும். இப்படி ஆடுற பிள்ளை எப்படி தைரியமா ஹெட் பண்ண போகும்?

கடைக்காரர்கிட்ட அந்த ஐஸ்லாந்து ஜெர்சி போட்டோவை காட்டினப்போ, "டீச்சர், இங்க வாற டீம் எல்லாம் பிரேசில் இல்லன்னா அர்ஜென்டினாதான் கேக்கும், இது எந்த டீம்?"ன்னார். எங்க கோல்கீப்பர் முந்திக்கிட்டு "ஐஸ்லாந்து அண்ணே, ஜெர்மனியை 3-0க்கு அடிச்ச டீம்"னு சொல்லிட்டா. 2024 ஜூலைல ரெய்க்யாவிக்ல நடந்த அந்த மேட்ச் ஹைலைட்ஸ்தான் எங்க பிள்ளைங்க போன்ல திரும்பத் திரும்ப ஓடுறது, அந்த ஜெயிப்புலதான் 2025 யூரோவுக்கே, அதான் ஐரோப்பா கோப்பைக்கே, டிக்கெட் கிடைச்சுது.

அவர் கம்ப்யூட்டர்ல நீலத்தை கூட்டி குறைச்சு பாத்துட்டு இருக்க நான் கதையை சொல்லிட்டே இருந்தேன். அந்த நாட்டு மொத்த ஜனமே 4 லட்சத்தை தொடல, நம்ம கன்னியாகுமரி மாவட்டம் 2011 கணக்குலயே 18 லட்சத்துக்கு மேல. 1981ல ஸ்காட்லாந்து கில்மார்னக்ல முதல் மேட்ச், 2-3 தோல்வி. பிறகு சில ஐரோப்பா கோப்பைக்கு டீமையே அனுப்பல, அப்படியும் இருந்திருக்காங்க. திருப்பம் 2008ல. அக்டோபர் மாசம் நாட்டோட 3 பெரிய பேங்கும் விழுந்து ஜனங்க என்ன செய்யன்னு தெரியாம நிக்கிற நேரம், அதே மாசக் கடைசியில ஐஸ் கட்டிப்போன கிரவுண்டுல அயர்லாந்தை 3-0ன்னு அடிச்சு 2009 யூரோவுக்குள்ள போனாங்க. அந்த நாட்டு ஆண்கள் டீம் அந்த இடத்துக்கு முதல்முறையா போனது 2016லதான், உலகம் முழுக்க கைதட்டுனது அப்பதான், பெண்கள் டீம் 7 வருஷம் முன்னாடியே போயிட்டாங்கன்னு எத்தனை பேருக்கு தெரியும்?

2009ல மூணு மேட்சும் தோல்வி. 2013ல நார்வேகூட 1-1, அதுல மார்க்ரேட் லாரா பெனால்டி போட்டு முதல் பாயிண்ட், அடுத்து டாக்னி தலையால ஒண்ணு போட்டு நெதர்லாந்தை வீட்டுக்கு அனுப்பி குவார்ட்டர் ஃபைனல். 2022ல பெல்ஜியம், இத்தாலி, பிரான்ஸ் மூணு பேர்கூடவும் 1-1, ஒரு மேட்ச்கூட தோக்காம வெளிய வந்தாங்க, எனக்கு இன்னும் ஆறல. அதே வருஷம் செப்டம்பர்ல இன்னொண்ணு, டிரா பண்ணா நேரா உலகக்கோப்பைங்கிற நிலைமையில உட்ரெக்ட்ல இன்ஜுரி டைம்ல நெதர்லாந்து கோல் போட்டுருச்சு, பிறகு பிளே-ஆஃப்ல ஐஸ்லாந்து போர்ச்சுகல்கிட்ட எக்ஸ்ட்ரா டைம்ல 4-1 தோல்வி. உலகக்கோப்பை இதுவரை ஆடவே இல்ல. 2025 யூரோவும் மூணும் தோல்விதான், கடைசி மேட்ச் நார்வேகிட்ட 4-3.

தோத்த டீமை எதுக்கு டீச்சர்னு கடைக்காரர் கேட்டார், நியாயமான கேள்வி. தோத்தாலும் ஜெயிச்சாலும் அந்த நாடு பிள்ளைங்களுக்குன்னு செய்றதை செஞ்சுட்டே இருந்துச்சு, எனக்கு பிடிச்சது அதுதான். 2000ல இருந்து குளிருக்கு பயப்படாம ஆட பெரிய பெரிய இன்டோர் ஹால் கட்டுனாங்க, சின்னப் பிள்ளைங்களுக்கே லைசென்ஸ் எடுத்த கோச்சை சம்பளம் குடுத்து வச்சாங்க, பையனுக்கு எந்த ஹாலோ எந்த கோச்சோ பெண் பிள்ளைக்கும் அதேதான். 2018ல ஆண்கள் டீமுக்கு குடுக்குற போனஸ்தான் பெண்கள் டீமுக்கும்னு அசோசியேஷனே அறிவிச்சுது. நம்மகிட்ட இன்டோர் ஹால் இல்ல, ஆனா பிள்ளைங்க உடம்புக்கு அளவா ஒரு ஜெர்சி தைச்சு குடுக்க ஹால் வேண்டாம்ல.

இந்த இடத்துலதான் கடை ஜெயிச்சுது. உள்ள தையல் போடுற அக்கா எழுந்து வந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் டேப் வச்சு தோள், நெஞ்சு, நீளம்னு தனித்தனியா எழுதி எடுத்தாங்க. முன்னாடி நாங்க வாங்குன இடத்துல எல்லாம் "எம் 8, எல் 6 போடட்டா"ங்கிற கேள்வியோட முடிஞ்சிரும். நைக்கி மாதிரி கம்பெனியே 2019 உலகக்கோப்பைக்குத்தான் முதல்முறையா பெண்கள் டீமுக்குன்னு தனியா கிட் டிசைன் பண்ணுச்சுன்னா பாத்துக்கிடுங்க, மார்த்தாண்டத்துல ஒரு அக்கா டேப்பைத் தூக்கிட்டு வந்தது சின்ன விஷயம் இல்ல.

ஷார்ட்ஸ் வெள்ளையில போட்டா எடுப்பா இருக்கும்னு கடைக்காரர் சொன்னார், பிள்ளைங்க ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாத்தாங்க, அந்த அக்கா உடனே "வெள்ளை வேண்டாம், கடும் நீலம் போடு"ன்னு முடிச்சிட்டாங்க. பீரியட்ஸ் நேரத்துல பயப்படாம ஆடணும்னுதான் இங்கிலாந்து டீமே 2023ல வெள்ளை ஷார்ட்ஸை விட்டு நீலத்துக்கு மாறுச்சு. இங்க ஒருத்தரும் விளக்கம் சொல்ல வேண்டி வரல.

துணி டாட் நிட் (ஜெர்சிக்கு போடுற பாலியெஸ்டர்), சப்ளிமேஷன் பிரிண்ட், அதாவது சூட்டுல சாயத்தை துணியில ஏத்துறது. சாயம் நூலுக்குள்ள இறங்கிடும், அதனால ஸ்டிக்கர் நம்பர் மாதிரி வெடிச்சு உரியாது. நம்ம ஊர்ல மணல், உப்புக்காத்து, உவர்த்தண்ணியில துவைப்பு, மத்தியான வெயில்ல மொட்டைமாடியில காயப்போடுறது, இவ்வளவுக்கும் பிறகும் நிறம் அப்படியே நிக்குது. உள்பக்கம் துணி வெள்ளைதான், தையல் கிட்ட இழுத்தா லேசா வெள்ளை தெரியும், சப்ளிமேஷன் எங்க அடிச்சாலும் அப்படித்தான். நம்பருக்கு எங்க கேப்டன் 7 கேட்டு வாங்குனா, ஐஸ்லாந்து முன்னாள் கேப்டன் சாரா ப்யோர்க் நம்பர். டிஃபன்ஸ் பிள்ளை ஐஸ்லாந்து டிஃபண்டர் க்ளோடிஸோட 4 எடுத்தா. லோகோவுக்கு கடைக்காரர் நெட்ல இருந்து எதையோ எடுத்து வச்சார், பிள்ளைங்க ஒத்துக்கல. ஐஸ்லாந்து 2020ல மாத்துன லோகோவுல அவங்க ஊர் பழங்கதையில வர்ற நாலு காவல்காரங்க இருக்காங்க, டிராகன், கழுகு, காளை, ராட்சசன். அதைக் காட்டி எங்களுக்கும் எங்க ஊர்துதான் வேணும்னு உக்காந்துட்டாங்க. கடைசியில ஒரு வள்ளம், கீழ வலைக்கண்ணி, அந்த வலையே கோல்போஸ்ட் வலை மாதிரி தெரியுற மாதிரி வரைஞ்சு குடுத்தார். அதுக்கு தனியா காசு வாங்கல, நல்லா கொள்ளாம்.

குறை இல்லாம இல்ல. ஷார்ட்ஸ் எலாஸ்டிக் லூஸ், உள்ள நாடா வைக்கல, நாங்களே கோத்தோம். கீப்பர் ஜெர்சிக்கு முட்டிக்கையில பேட் இல்ல, எங்க மணல் கிரவுண்டுல டைவ் அடிச்சு அந்தப் பிள்ளைக்கு கை தோல் போயிட்டு, முழுக்கை வச்சா மட்டும் போதாதுன்னு சொல்லிட்டு வந்திருக்கோம். நீலம் போட்டோவுல பாத்ததைவிட ஒரு பங்கு இருட்டு. கிறிஸ்மஸ் டோர்னமென்ட் நேரம் கடை நிரம்பி வழியும், சொன்ன தேதிக்கு கிடைக்கல, நாலஞ்சு நாள் தள்ளிப்போச்சு, அது எரிச்சல்தான்.

ஜெர்சி ஷார்ட்ஸ் சேத்து ஒரு செட் 480 ரூபா, பேரும் நம்பரும் அதுக்குள்ளேயே. அட்வான்ஸ் பாதி. போறவங்க பிள்ளைங்களையும் கூட்டிட்டு போங்க, அளவை பேப்பர்ல எழுதி அனுப்பாதீங்க, அந்த அக்கா மதியத்துக்கு பிறகுதான் கடையில இருப்பாங்க. நாடா வச்ச ஷார்ட்ஸ் வேணும்னு அட்வான்ஸ் குடுக்கும்போதே எழுதி வாங்கிடுங்க.