கவருக்குள் சைக்கிள் டியூப்: பழைய தார் ஜீப் வாங்கியபோது என் ஸ்டெப்னி மாற்றப்பட்ட கதை

மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12-ஆம் தேதி திறக்கப்படாத 2024-ஆம் ஆண்டில், குறுவையை விட்டுவிட்டுச் சம்பாவுக்காகக் காத்திருந்த இடைவெளியில், நெடுநாள் நினைத்திருந்தபடி பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஒன்றை வாங்கினேன். எங்கள் நிலம் திருத்துறைப்பூண்டிப் பக்கம் கடைமடையில் இருக்கிறது. ஐப்பசி பிறந்துவிட்டால் ஆற்றங்கரைப் பாதை களிமண் குழம்பாகிவிடும். சாதாரணக் கார் அதில் இறங்கினால் டிராக்டர் வந்துதான் மீட்க வேண்டும். ஆகவே டெல்டாவின் பெரிய ஊர் ஒன்றிலுள்ள ஆட்டோ கன்சல்டிங் கடையில், 2016-ஆம் ஆண்டு மஹிந்திரா தார் ஜீப் ஒன்றை 6,40,000 ரூபாய் கொடுத்து எடுத்தேன். எஞ்சின், கியர்பாக்ஸ், சேசிஸ், ஆர்.சி. புத்தகம், இன்சூரன்ஸ் என்று எல்லாவற்றையும் மெக்கானிக்கை உடன் அழைத்துச் சென்று பார்த்த நான், பின்கதவில் தொங்கிய மாற்றுச் சக்கரமான ஸ்டெப்னியின் கவரைக் கழற்றிப் பார்க்காமல் விட்டேன். அதனால் நேர்ந்ததையும், கடைக்காரர் அதை எவ்வளவு திட்டமிட்டுச் செய்திருந்தார் என்பதையும், பழைய வண்டி வாங்கப் போகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன். கடையின் பெயரை இங்கே சொல்லவில்லை; புகார் நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது.

நான் கவரைப் பற்றிக் கேட்காமல் இல்லை. "ஸ்டெப்னி புத்தம் புதுசு சார், தரையிலேயே படல. கவர் ஜிப் துருப்பிடிச்சு மாட்டிக்கிட்டிருக்கு, டெலிவரி அன்னிக்குக் கழட்டிக் காட்டிடறோம்" என்றார் கடையில் இருந்தவர். கையால் தட்டிப் பார்த்தேன். கவர் தளர்வின்றி விறைப்பாகவே இருந்தது. டெலிவரி அன்று நல்ல நேரம் முடிவதற்குள் வண்டியை எடுக்க வேண்டும் என்று வீட்டார் அவசரப்படுத்தினார்கள். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினோம். ஐந்தாவது சக்கரத்தை யாரும் நினைக்கவில்லை. "வண்டியை உள்ளது உள்ளபடி பார்த்துத் திருப்தியடைந்து பெற்றுக்கொண்டேன்" என்று அச்சிட்டிருந்த தாளிலும் கையெழுத்திட்டேன்.

நவம்பர் மாதம், மேலுரம் போட வேண்டிய நாளில் மழை இரண்டு நாள் ஓய்ந்திருந்தது. நானும் சித்தப்பாவும் மன்னார்குடியிலிருந்து ஆறு மூட்டை யூரியாவை, மூட்டைக்கு 45 கிலோ வீதம் 270 கிலோவை, பின்னால் ஏற்றிக்கொண்டு பாமணியாற்றுக் கரைப் பாதையில் வந்துகொண்டிருந்தோம். ஒரு மதகின் அருகே, உடைந்த கான்கிரீட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கம்பி பின்பக்க இடது டயரின் பக்கச்சுவரை இரண்டு அங்குல நீளத்துக்குக் கிழித்துவிட்டது. டியூப்லெஸ் டயருக்குத் திரி செருகி ஒட்டும் பஞ்சர் கிட் வண்டியிலேயே இருந்தது. ஆனால் அந்தத் திரி தரையில் படும் பட்டன் பகுதியில் ஆணி குத்திய ஓட்டைக்குத்தான் உதவும். பக்கச்சுவர் கிழிந்தால் ஸ்டெப்னியைத் தவிர வேறு வழி கிடையாது. கரம்பும் கருவேல முள்ளும் மதகுக் கம்பியும் உள்ள பாதைகளில் ஓடும் வண்டிக்கு மற்ற நான்குக்கும் நிகரான ஐந்தாவது சக்கரம் வேண்டும் என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

இருட்டிக்கொண்டு வந்தது. ஜிப் நகரவே இல்லை. கத்தியால் கவரைக் கிழித்தேன். உள்ளே டயரைச் சுற்றிப் பழைய சைக்கிள் டியூப்புகள் இரண்டு மூன்று வரிசையாகச் சுற்றப்பட்டு, இடைவெளியில் கோணிச் சாக்குத் துண்டுகள் திணிக்கப்பட்டிருந்தன. கவர் விறைப்பாக நின்றதன் ரகசியம் அப்போதுதான் விளங்கியது. "ஏண்டா தம்பி, இது நம்ம வண்டிச் சக்கரம் மாதிரியே இல்லையே" என்றார் சித்தப்பா. டார்ச் அடித்துப் பார்த்தோம். வண்டியிலிருந்த மற்ற நான்கும் 235/70 ஆர்16. ஸ்டெப்னியின் சுவரில் 215/65 ஆர்16 என்று இருந்தது. ரிம் ஒரே 16 அங்குலம், நட்டுத் துளைகளின் அமைப்பும் ஒன்றுதான் என்பதால் சக்கரம் பொருந்தும். பொருந்துவதால்தான் இந்த ஏமாற்று வேலை நடக்கிறது.

இந்த எண்களைக் கணக்காக மாற்றினால்தான் வித்தியாசம் புரியும். 235 மில்லிமீட்டர் அகலத்தில் 70 விழுக்காடு சுவர் உயரம். அதை இரட்டித்து ரிம்மின் 406 மில்லிமீட்டரைச் சேர்த்தால் சக்கரத்தின் மொத்த விட்டம் ஏறக்குறைய 735 மில்லிமீட்டர். அதே கணக்கில் அந்த ஸ்டெப்னியின் விட்டம் 686-தான். ஐந்து சென்டிமீட்டர் குறைவு. ஒரு கிலோமீட்டருக்கு என் வண்டியின் சக்கரம் 433 சுற்றுச் சுற்றினால், இது 464 சுற்றுச் சுற்ற வேண்டும். சுமை தாங்கும் திறனைக் குறிக்கும் எண்ணும் மற்றவற்றில் 105, இதில் 98. அதாவது ஒன்று 925 கிலோ தாங்கும், மற்றது 750 கிலோதான் தாங்கும்.

சாலையில் ஓடும் சிறிய கார்களில் இப்போது மெல்லிய தற்காலிக ஸ்டெப்னி வருகிறது. மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று அதன்மேல் எழுதியே ஒட்டியிருப்பார்கள், பக்கத்துப் பஞ்சர் கடை வரை போக அது போதும். தார், ஜிம்னி, கூர்க்கா போன்ற வண்டிகளின் கதை வேறு. இவற்றில் ஃபோர் வீலைப் போட்டவுடன் முன்அச்சும் பின்அச்சும் ஒன்றாகப் பூட்டிக்கொள்கின்றன. இரண்டுக்கும் இடையே வேக வித்தியாசத்தை விழுங்கிக்கொள்ளும் டிஃபரன்ஷியல் கிடையாது. ஒரு மூலையில் சிறிய சக்கரம் இருந்தால் அந்த அச்சு எப்போதும் வேகமாகச் சுற்ற முயல்கிறது, மற்ற அச்சு அதைப் பிடித்து இழுக்கிறது. சேற்றில் டயர் வழுக்கி அந்த முறுக்கத்தைக் கழித்துவிடும். கெட்டியான தார்ச்சாலை வந்ததும் அது இரண்டு அச்சுகளுக்கும் விசையைப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸிலும் ஷாஃப்டுகளிலும் ஏறி உட்கார்ந்துகொள்கிறது.

எங்களுக்கும் அதுவே நடந்தது. ஜாக்கி களிமண்ணில் புதைந்து, அருகிலிருந்த பம்புசெட் கொட்டகையிலிருந்து பலகை கொண்டுவந்து அடியில் வைத்து, ஒன்றரை மணி நேரம் போராடி அந்தச் சக்கரத்தை மாட்டினோம். காற்றோ 11 பவுண்டுதான் இருந்தது. கையில் வைத்திருந்த சிறிய கம்ப்ரஸரால் ஏற்றினோம். யூரியா மூட்டைகளை அந்தக் கொட்டகையிலேயே இறக்கி வைத்தோம். ஃபோர் வீல் இல்லாமல் அந்தக் கரையிலிருந்து வெளியே வர முடியாது, ஆகவே போட்டுக்கொண்டு ஏறினேன். தார்ச்சாலை சேர்ந்ததும் பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும் டூ வீலுக்கு மாற்ற முயன்றால் லீவர் அசையவில்லை. நாலடி பின்னால் நகர்த்திய பிறகுதான் 'டக்' என்ற சத்தத்துடன் விடுபட்டது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அதன்பின் முப்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் வந்தும், ஏழு கிலோமீட்டரில் டயரின் சுவரில் தேங்காய் அளவுக்குப் புடைப்பு எழுந்து வெடித்தது. இரவு பதினோரு மணிக்கு உறவினர் ஒருவரின் டிராக்டர் வந்து இழுத்துப் போயிற்று.

மறுநாள் பஞ்சர் கடைத் தம்பி டயரைத் திருப்பிக் காட்டியபோதுதான் மிச்சமும் தெரிந்தது. "அண்ணே, இது வண்டியவிடப் பெரியவருண்ணே" என்றார். ஒவ்வொரு டயரின் சுவரிலும் ஒரு சிறு முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் டயர் தயாரான வாரத்தையும், அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டையும் குறிக்கும். இதில் 0812 என்றிருந்தது: 2012-ஆம் ஆண்டின் எட்டாம் வாரம். 2016-இல் பிறந்த வண்டியில் 2012-இல் பிறந்த "தரையில் படாத" டயர். பட்டன் நன்றாகத்தான் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் சுவர் முழுவதும் மயிரிழை வெடிப்புகள். பட்டனை மட்டும் பார்த்து டயரை மதிப்பிடுவது நம் ஊரில் பலருக்குள்ள பழக்கம். ஓடாத டயரும் வெயிலிலும் காற்றிலும் கிழடாகிறது என்பதை அந்தப் பழக்கம் மறைத்துவிடுகிறது. சிறிய சக்கரத்தை முன்பக்கம் மாட்டி, முன்னிருந்த நல்ல சக்கரத்தைப் பின்னால் கொண்டுபோயிருந்தால், டூ வீலில் ஓடும்போது பின்அச்சுக்குத் தொல்லை இருந்திருக்காது என்றும் அந்தத் தம்பி சொன்னார். சேற்றில், இருட்டில், புதையும் ஜாக்கியை வைத்துக்கொண்டு இரண்டு சக்கரம் மாற்றும் துணிவு எனக்கு வந்திருக்குமா என்பது வேறு விஷயம்.

ஆர்.சி. புத்தகத்தின் மூலம் முந்தைய உரிமையாளரைத் தேடிப் பேசினேன். 2021-இல் டயர் மாற்றியபோது, ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தும் ஒரே அளவில் வாங்கிப் போட்டதாகச் சொல்லி, பில்லைப் படம் எடுத்து அனுப்பினார். அவர் வண்டியைக் கடையில் விட்ட நாளில் எடுத்த படத்தில் பின்கதவில் கவரே இல்லை. பெரிய சக்கரம் தெளிவாகத் தெரிகிறது. நல்ல ஐந்தாவது டயரைக் கழற்றித் தனியாக விற்று, எங்கேயோ கிடந்த குட்டி டயரை மாட்டி, அதை மறைக்க ஒரு கவர் வாங்கி, கவர் தொங்காமலிருக்கச் சைக்கிள் டியூப்பும் சுற்றியிருக்கிறார்கள். மறதியால் யாரும் சைக்கிள் டியூப் சுற்றுவதில்லை.

கடைக்குப் போய்க் கேட்டபோது, "ஸ்டெப்னிக்கெல்லாம் யாரு சார் கேரண்டி தருவா? இப்ப சட்டப்படியே ஸ்டெப்னி வேண்டாம்னு வந்தாச்சே" என்றார்கள். இந்தப் பதில் உங்களுக்கும் வரக்கூடும் என்பதால் விளக்குகிறேன். 2020-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்த திருத்தம், டியூப்லெஸ் டயருடன் டயர் பழுதுபார்க்கும் கிட்டும் டயர்க் காற்றழுத்தக் கண்காணிப்பு அமைப்பும் சேர்த்துத் தரப்படும் பயணிகள் வண்டிகளுக்கு ஸ்டெப்னியிலிருந்து விலக்குத் தந்தது. என் 2016 வண்டியில் அந்தக் கண்காணிப்பு அமைப்பே கிடையாது. அதைவிட முக்கியம், ஸ்டெப்னி இருக்கிறது, புதியது என்று வாயால் சொல்லித்தான் விற்றார்கள். கடைசியில் "ரெண்டாயிரம் வாங்கிக்கிட்டுப் போங்க சார்" என்றார்கள். மறுத்துவிட்டேன்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்தும் கடையிலிருந்து பதில் வராததால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்தேன். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, குறை நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. ஐந்திலிருந்து பத்து லட்சம் வரை 200 ரூபாய். இணையம் வழியாகவும் கொடுக்கலாம்.

வாங்கப் போகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது, கவரைக் கழற்றச் சொல்லுங்கள். ஜிப் மாட்டிக்கொண்டது என்றால் அங்கேயே வெட்டச் சொல்லுங்கள், புதுக் கவரின் விலை ஒரு டயர் விலையில் சிறு பங்குதான். ஐந்து டயரின் அளவையும் நான்கு இலக்க எண்ணையும் படம் எடுத்து, டெலிவரித் தாளில் "ஸ்டெப்னி உட்பட ஐந்தும் ஒரே அளவு" என்று எழுதி வாங்கிய பிறகு கையெழுத்திடுங்கள். முடிந்தால் ஸ்டெப்னியை இறக்கி மாட்டி ஒரு கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். ஜாக்கியும் ஸ்பேனரும் இருக்கின்றனவா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

நான் இப்போது ஒரே அளவில் இரண்டு புதிய டயர்கள் வாங்கி, ஒன்றைப் பின்பக்க இடதிலும் மற்றொன்றைக் கதவிலும் மாட்டியிருக்கிறேன். வெடித்த டயரும் சைக்கிள் டியூப்புகளும் கிழிந்த கவரும் மாட்டுக் கொட்டகையில் சாக்கில் கட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. பழைய இரும்புக்காரர் டயரையும் ரிம்மையும் சேர்த்து விலைக்குக் கேட்டார். விசாரணை முடிந்த பிறகு வரச் சொல்லியிருக்கிறேன்.