கொல்லைப்புறப் பறவைகள்: கேமராவைவிட அதிகம் உழைத்தது மண்சட்டிதான்

வீட்டுக்குப் பின்னால் வரும் பறவைகளுக்காகப் பல வருடங்களாக என்னிடம் இருப்பவை மூன்று: 8×42 பைனாகுலர், 400 மி.மீ. வரை போகும் ஜூம் லென்ஸோடு ஒரு கேமரா, தண்ணீர் வைக்க ஒரு மண்சட்டி. ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றால் சட்டியை விடமாட்டேன்.

தானியம் வைத்தால் தானியம் தின்பவைதான் வரும். தண்ணீருக்கோ தேன்சிட்டு, தையல்சிட்டு, கொண்டைக்குருவி என்று எதுவும் வரும். இரண்டு அங்குல ஆழம் போதும். நடுவில் ஒரு கல் போடலாம். உட்புறம் சொரசொரப்பாக இருக்க வேண்டும், வழவழப்பான பீங்கானில் கால் வழுக்கும். தினமும் தேய்த்துக் கழுவித் தண்ணீர் மாற்றுவது அலுப்பான வேலைதான். ஆனால் விட்டால் கொசு பெருகும், பறவைக்குப் பறவை நோயும் தொற்றும். அப்புறம், புதரை ஒட்டி வைக்காதீர்கள், பூனை பதுங்கும். வல்லூறு வந்தால் பறந்து ஒளிந்துகொள்ள எட்டடி தள்ளி ஒரு செடி இருந்தால் சரி.

பைனாகுலரில் 8 என்பது உருப்பெருக்கம், 42 என்பது முன் லென்ஸின் விட்டம் மி.மீ. கணக்கில். 10 மடங்கு வாங்கினால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும், பார்வைப் பரப்பும் பொதுவாகக் குறுகும். கொல்லைக்கு முக்கியம், இரண்டு மீட்டரில் இருப்பதும் தெளிவாகத் தெரிகிறதா என்பது. வாங்கும்போது இதை யாரும் கேட்பதில்லை.

கேமராவின் ஆட்டோஃபோகஸ் பறவையை விட்டு முன்னால் இருக்கும் இலையைப் பிடிக்கும். ஒற்றைப் புள்ளி ஃபோகஸைப் பறவையின் கண்ணில் வைத்தால் பாதித் தொல்லை தீரும். சும்மா உட்காராத சின்னப் பறவைக்கு ஷட்டர் வேகம் 1/1000 நொடி, சிறகடிப்பு உறைய 1/2000. மர நிழலில் ஐஎஸ்ஓ, அதாவது கேமராவின் ஒளியுணர்திறன், 3200 வரை ஏறும். படம் புள்ளி புள்ளியாகத் தெரியும், தெரியட்டும்.

ஏனென்றால் நான் திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பது அழகான படங்களை இல்லை, தேதியோடு வரிசையாக இருக்கும் சுமாரான படங்களை. ஊதாத் தேன்சிட்டு ஆண் இனப்பெருக்கக் காலத்தில் கருநீலமாக மினுங்கும். அது முடிந்ததும் பெண்ணைப் போலவே மஞ்சள் வயிற்றுக்கு மாறிவிடும்; தொண்டையிலிருந்து வயிறுவரை ஒரு கருங்கோடு மட்டும் மிச்சம். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு இனம் என்றே தோன்றும். காகம் ஒன்று குயில் குஞ்சுக்கு ஊட்டும் படமும் இருக்கிறது. கலங்கலான படம், ஆனாலும் அழிக்க மனமில்லை.

பார்த்த பறவைகளின் பட்டியலை இ-பேர்டில் ஏற்றுகிறேன். பறவைப் பதிவுகளுக்காக 2002-இல் தொடங்கிய இணையதளம், இலவசம். குரலை வைத்துப் பெயர் சொல்லும் மெர்லின் செயலியும் நல்ல துணைதான், ஆனால் கண்ணால் பார்க்காமல் எதையும் பட்டியலில் சேர்ப்பதில்லை.

கூட்டை மட்டும் படமெடுப்பதில்லை. தையல்சிட்டு இலைகளைச் சேர்த்துத் தைத்த கூட்டை நாம் விலக்கிப் பார்த்தால், மேலிருந்து காகமும் பார்த்துவிடும்.