டி.எல்.எட்., பி.எட்., நான்காண்டுப் படிப்பு: ஆசிரியராக எந்த வழி?

பிளஸ் டூ முடித்தவருக்கும் சரி, பட்டம் வாங்கியவருக்கும் சரி, நம் ஊரில் ஒரே அறிவுரைதான்: "பி.எட். முடித்துவிடு." எந்த வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க விருப்பம் என்று யாரும் கேட்பதில்லை. அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை என்றால் பிளஸ் டூவுக்குப் பிந்தைய இரண்டாண்டுத் தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பான டி.எல்.எட். தான் வழி. பி.எட். முடித்தவர்களும் தொடக்கப் பள்ளிக்குப் போகலாம் என்று 2018இல் ஆசிரியர் கல்விக்கான தேசியக் குழுமமான என்.சி.டி.இ. அனுமதித்தது, 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. அந்தத் தீர்ப்பு நியாயமானது என்றே நினைக்கிறேன். 42இலிருந்து 17ஐக் கழிக்கும்போது இரண்டாம் வகுப்புக் குழந்தை 7இலிருந்து 2ஐக் கழித்து 35 என்று எழுதிவிடும். நான்கு குச்சிக் கட்டுகளையும் இரண்டு உதிரிக் குச்சிகளையும் மேசையில் வைத்து, ஒரு கட்டைக் குழந்தையின் கையாலேயே அவிழ்க்கச் சொல்லி, 'கடன் வாங்குதல்' என்றால் என்ன என்று காட்டத் தனிப் பயிற்சி வேண்டும். பட்டப்படிப்பில் படித்த கணிதம் அங்கே உதவாது.

ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை பாட ஆசிரியராக விரும்பினால் பட்டமும் பி.எட்.டும் வேண்டும். மூன்றும் இரண்டுமாக ஐந்து ஆண்டுகள். பிளஸ் டூ முடித்த கையோடு ஆசிரியர் பணிதான் என்று உறுதியாக இருப்பவர்கள் மைசூரு மண்டலக் கல்வி நிறுவனம், திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் போன்றவற்றின் நான்காண்டு ஒருங்கிணைந்த படிப்பைப் பார்க்கலாம். ஓர் ஆண்டு மிச்சம். பாடமும் கற்பிக்கும் முறையும் சேர்ந்தே வளரும். நுழைவுத் தேர்வு உண்டு, இடங்கள் குறைவு. கிடைத்தால் விடாதீர்கள். மனம் மாறக்கூடும் என்ற ஐயம் இருந்தால் பட்டம் முடித்தபின் பி.எட். போவதே நல்லது.

தொலைதூர பி.எட். குறித்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். அது புதிதாகப் பட்டம் பெற்ற எல்லோருக்கும் உரியதன்று. பயிற்சி பெற்றுப் பணியில் இருப்பவர்களுக்கும், நேரடி முறையில் ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்கும் உரியது. டி.எல்.எட். முடித்துத் தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டே பட்டமும் பெற்றவருக்கு அருமையான ஏற்பாடு. "வகுப்புக்கே வர வேண்டாம், ரெகுலர் சான்றிதழ் தருகிறோம்" என்று கூப்பிடும் தரகர்கள் விற்பது வேறு சரக்கு. அந்தப் பக்கமே போகாதீர்கள்.

எந்த வழியில் வந்தாலும் எட்டாம் வகுப்பு வரை கற்பிக்க ஆசிரியர் தகுதித் தேர்வு (டெட்) உண்டு: முதல் தாள் தொடக்க வகுப்புகளுக்கு, இரண்டாம் தாள் ஆறு முதல் எட்டுக்கு. தேர்ச்சி பெற்றாலே அரசுப் பணி என்பதில்லை. தமிழ்நாட்டில் பணி நியமனத்துக்குத் தனிப் போட்டித் தேர்வும் இருக்கிறது. 2022 அறிவிப்புக்குப் பின் அடுத்த தகுதித் தேர்வு 2025இல்தான் வந்தது. இந்த இடைவெளியையும் கணக்கில் வைத்தே வீட்டில் பேச வேண்டும். மேல்நிலை வகுப்புகளுக்கு முதுகலையும் பி.எட்.டும் போதும், தகுதித் தேர்வு தேவையில்லை; ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வு உண்டு.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டிடத்தைப் பார்க்காதீர்கள். பி.எட்.டில் இருபது வாரப் பள்ளிப் பயிற்சி கட்டாயம். எந்தப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள், வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்துக் குறை சொல்லித் திருத்த விரிவுரையாளர் வருகிறாரா, அல்லது ரெக்கார்டு நோட்டில் கையெழுத்தோடு முடிந்துவிடுகிறதா என்று இப்போது அங்கே படிக்கும் மாணவர்களிடம் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.